ஊரில் உள்ள கமர்ஷியல் ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா? முதலில் அவர்கள் வெளியிடும் செய்திகளைப் படியுங்கள்

வந்த கேள்வியின் சுருக்கம் இது. ஊரில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு கமர்ஷியல் ரியல் எஸ்டேட் நிறுவனம். அலுவலகம், கடை, கிடங்கு ஆகியவற்றை வாடகைக்கு விடுவது, விற்றுக் கொடுப்பது, பராமரிப்பது தொழில். மாதம் இரண்டு மூன்று செய்தி வெளியிடுகிறார்கள்: இந்தக் கட்டடம் வாடகைக்குப் போனது, இன்னார் பங்குதாரர் ஆனார், இன்னார் புதிதாகச் சேர்ந்தார். இப்போது இரண்டு இடம் காலி. ஒன்று ‘பயிற்சித் தரகர், வருமானத்துக்கு எல்லையே இல்லை’. இன்னொன்று ‘லீஸ் ஒருங்கிணைப்பாளர், மாதச் சம்பளம்’. கேட்டவர் வணிகவியல் படித்து, இரண்டு வருடம் கணக்கு எழுதியவர். எதற்கு விண்ணப்பிப்பது, இந்தத் துறையை நம்பி வரலாமா என்று கேட்கிறார்.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் நான்கு வருடம் லீஸ் கோப்புகளோடு, அடுத்த ஏழு வருடம் தரகராக, மீதியெல்லாம் கட்டட நிர்வாகத்தில். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் நான் இருந்தால் லீஸ் ஒருங்கிணைப்பாளர் வேலைக்குத்தான் போவேன். காரணத்தில் பாதி உங்கள் கணக்கு அனுபவம். மறுபாதி அந்த நிறுவனத்தின் செய்திகளுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அதை விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள். எனக்கு அது அந்தக் கம்பெனியின் வரவுப் புத்தகம். யார் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள், அந்தச் சோறு மாதாமாதம் வருகிறதா அல்லது எப்போதாவது விருந்தாக வருகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஒரு செய்தி இப்படி இருக்கும் என்று வையுங்கள். ‘40,000 சதுர அடி அலுவலகக் கட்டடத்தில் 12,000 சதுர அடியை ஒரு காப்பீட்டு நிறுவனம் 5 ஆண்டு லீசுக்கு எடுத்துள்ளது. உரிமையாளர் தரப்பில் எங்கள் நிறுவனத்தின் இன்னாரும் இன்னாரும் பேசி முடித்தனர்.’

முதலில் பார்க்க வேண்டியது ‘உரிமையாளர் தரப்பில்’ என்ற சொல். கட்டட உரிமையாளர் இவர்களிடம் கட்டடத்தையே ஒப்படைத்திருக்கிறார் என்று அர்த்தம். மீதி 28,000 சதுர அடி காலியானாலும் வேலை இவர்களுக்குத்தான் வரும். ‘வாடகைதாரர் தரப்பில்’ என்று இருந்தால் கதை வேறு. ஒரு கம்பெனிக்கு இடம் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு அந்தக் கம்பெனி வேறு இடம் தேடப் போவதில்லை. இரண்டும் நல்ல தொழில்தான், ஆனால் இரண்டின் பசி நேரமும் வேறு.

அடுத்து, ‘எடுத்துள்ளது’ என்றிருக்கிறதா, ‘நீட்டித்துள்ளது’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். செய்திகளில் பாதிக்கு மேல் நீட்டிப்பாகவே இருந்தால் புதிதாக யாரும் அந்த ஊருக்குள் வரவில்லை என்று பொருள். இருப்பவர்கள் நகரவில்லை, அவ்வளவுதான். புதிய தரகருக்கு அது வறண்ட நிலம். நிர்வாகப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்த இரண்டு பெயர்கள். முதல் பெயர் மூத்தவர், இரண்டாவது பெயர் அவருக்கு எடுபிடியாக ஓடியவர். இதைச் செய்து பாருங்கள்: கடைசி இரண்டு வருடச் செய்திகளை எல்லாம் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். தேதி, பரப்பு, என்ன பயன்பாடு, எந்தத் தரப்பு, புதிதா நீட்டிப்பா, முதல் பெயர், இரண்டாம் பெயர். ஒரு சாயங்கால வேலை. பிறகு இரண்டாம் பெயர் நிரலை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே பெயர் ஏழெட்டு இடத்தில் வந்து, பிறகு முதல் பெயர் நிரலுக்கு ஏறியிருந்தால் அங்கே ஆளை வளர்க்கிறார்கள். இரண்டாம் பெயர் நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருந்தால், பயிற்சித் தரகர் விளம்பரம் ஏன் எப்போதும் திறந்தே கிடக்கிறது என்பது விளங்கிவிடும். ‘சேர்ந்தார்’ என்று செய்தி வரும், ‘போனார்’ என்று எந்தக் கம்பெனியும் செய்தி போடாது. போனவர்களை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாடகை எவ்வளவு என்பது மட்டும் செய்தியில் இருக்காது. உரிமையாளர் அனுமதிக்க மாட்டார். பக்கத்து மாடிக்காரர் படித்துவிட்டு அடுத்த நாளே பேரத்துக்கு வந்து நிற்பார். சொல்லப்படும் பரப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். வாடகைக் கணக்குப் பரப்பில் லாபி, நடைபாதை, பொதுக் கழிவறை ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். உள்ளே மேசை போடக்கூடிய இடம் அதைவிடக் குறைவு. இந்தக் குழப்பம் பழையது. அமெரிக்கக் கட்டட உரிமையாளர், மேலாளர் சங்கமான போமா 1915-லேயே அலுவலகப் பரப்பை அளப்பதற்கு ஒரு விதிமுறையை வெளியிட்டது. நூறு வருடம் கழித்தும் அளவுச் சண்டை ஓயவில்லை என்பது தனிக்கதை.

இப்போது ‘வருமானத்துக்கு எல்லையே இல்லை’ என்ற வாசகத்துக்கு வருவோம். அது பொய்யில்லை. மேலே எல்லை இல்லை, கீழேயும் எல்லை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதே 12,000 சதுர அடியை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வசதிக்கு வைத்துக்கொள்பவை. விகிதங்கள் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடங்களில் மொத்த லீஸ் மதிப்பில் இத்தனை சதவீதம் என்பார்கள், சில இடங்களில் இத்தனை மாத வாடகை என்பார்கள். ஐந்து வருட வாடகை மொத்தம் 3 கோடி, கமிஷன் 4 சதவீதம் என்று வைத்தால் 12 லட்சம். வாடகைதாரர் தரப்பில் வேறொரு தரகர் இருந்தால் பாதி அவருக்குப் போகும், மீதி 6 லட்சம். அதில் நிறுவனத்தின் பங்கு பாதி, மீதி 3 லட்சம். மூத்தவர் முக்கால் பங்கு எடுத்துக்கொண்டால் இரண்டாம் பெயருக்கு வருவது 75,000. அதுவும் ஒரே தடவையில் வராது. பாதி கையெழுத்தானதும், மீதி வாடகைதாரர் குடிவந்து வாடகை ஓடத் தொடங்கியதும் என்பது பரவலான ஏற்பாடு. முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து கையெழுத்து வரை ஒன்பது மாதம், உள்வேலை முடிந்து குடிவர இன்னும் நான்கு மாதம் என்பது அலுவலக டீலில் சாதாரணம். ஆக, ஒன்பதாம் மாதம் உங்கள் கைக்கு 37,500.

அதுவரை எப்படி வாழ்வது? அதற்குத்தான் ‘டிரா’ என்று ஒன்று கொடுப்பார்கள். மாதம் 30,000 தருவார்கள் என்று வையுங்கள். சம்பளம் போலவே கணக்கில் வந்து விழும், சம்பளம் போலவே செலவாகும். ஆனால் அது சம்பளம் கிடையாது, வரப்போகும் கமிஷனில் கழித்துக்கொள்ளும் முன்பணம். ஒன்பது மாதத்தில் 2,70,000 வாங்கியிருப்பீர்கள். முதல் கமிஷன் 37,500 வந்ததும் அது அப்படியே கழிந்துபோகும். அன்றைக்கு ஒரு டீல் முடித்துக் கைதட்டல் வாங்கிய நீங்கள், நிறுவனத்துக்கு 2,32,500 கடன்காரர். பாதியில் விலகினால் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டுமா, தள்ளுபடி செய்வார்களா என்பது ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கும். நேர்காணலில் பல பேர் கேட்கக் கூச்சப்படுகிற வரி அதுதான். கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கிற நிறுவனமாக இருந்தால் அதுவே பதில்.

தரகுத் தொழிலைக் குறைத்துப் பேசவில்லை. ஏழு வருடம் அதில் நின்றேன், மூன்றாம் வருடத்துக்கு மேல் நன்றாகவே சம்பாதித்தேன். ஒன்றரை வருடச் செலவுக்குக் கையில் பணம், அல்லது வீட்டில் இன்னொரு சம்பளம், இரண்டில் ஒன்று இருக்கிறவர்கள் அதில் இறங்கலாம். இரண்டும் இல்லாமல் இறங்கியவர்களில் கெட்டிக்காரர்கள்தான் முதலில் போனார்கள். அவர்களுக்கு வேறு வேலை சுலபமாகக் கிடைத்துவிடும்.

துறை எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். ‘துறை’ என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் புரியாது. நான்கு வகைக் கட்டடம், நான்கு வகை ஜாதகம். 2020-இல் கொரோனா வந்து வீட்டிலிருந்தே வேலை என்றானதில் அலுவலகக் கட்டடங்கள் அடி வாங்கின. பல பெரிய நகரங்களில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதே காலத்தில் இணைய வணிகம் ஏறியதால் கிடங்குகளுக்கு இடம் கிடைக்காத நிலை. கடைகளில், மளிகையும் மருந்தகமும் இருக்கிற வளாகங்கள் தாக்குப்பிடித்தன. மருத்துவமனை சார்ந்த கட்டடங்களில் வாடகைதாரர் சுலபத்தில் நகர மாட்டார். அத்தனை உபகரணத்தையும் பெயர்த்துக்கொண்டு எங்கே போவார்? உங்கள் எக்செல் தாளில் ‘பயன்பாடு’ என்று ஒரு நிரல் போடச் சொன்னது இதற்குத்தான். அந்த நிறுவனத்தின் செய்திகளில் அலுவலகம் மட்டுமே இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

வாடகைதாரரின் பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 2010-இல் நியூயார்க்கில் தொடங்கிய வீவொர்க், 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாகக் கொண்டாடப்பட்டது. மாடி மாடியாக அலுவலக இடங்களைப் பல வருட லீசுக்கு எடுத்து, அதைத் துண்டு துண்டாக மாதக் கணக்கில் விட்டது. 2023 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதற்கு இடம் கொடுத்த கட்டடக்காரர்கள் எல்லாம் அன்று பெருமையாகச் செய்தி வெளியிட்டவர்கள்தான்.

விற்பனைப் பக்கம் வேறு மாதிரி ஆடும். வாடகைக் கட்டடத்தின் விலை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் இது எளிது. செலவெல்லாம் போக ஆண்டுக்கு நிற்கும் வருமானம் 80 லட்சம் என்று வையுங்கள். வாங்குகிறவர் 8 சதவீத வருவாய் எதிர்பார்த்தால் விலை 10 கோடி. வங்கி வட்டி ஏறி, அவர் 10 சதவீதம் கிடைத்தால்தான் கட்டுபடியாகும் என்று நினைத்தால் விலை 8 கோடி. ஒரு செங்கல் நகரவில்லை, ஒரு வாடகைதாரர் காலி செய்யவில்லை, 2 கோடி காணாமல் போய்விட்டது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்ஜியத்தில் இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியபோது நடந்தது இதுதான். விற்கிறவர் பழைய 10 கோடியையே பிடித்துக்கொண்டு நிற்பார், வாங்குகிறவர் 8-க்கு மேல் வர மாட்டார், டீல் அப்படியே நிற்கும். விற்பனைத் தரகர் காபி குடித்துக்கொண்டு காலண்டரைப் பார்ப்பார்.

ஆனால் அதே கட்டடத்தில் லிஃப்ட் ஓடியாக வேண்டும். வாடகை பில் ஒன்றாம் தேதி போயாக வேண்டும். தீயணைப்புக் கருவிச் சோதனை, ஜெனரேட்டர் டீசல், கூரை ஒழுகல், எதுவும் வட்டி விகிதம் பார்த்து நிற்காது. இதற்காக உரிமையாளர் மாதாமாதம் நிர்வாகக் கட்டணம் கொடுப்பார், பெரும்பாலும் வசூலாகும் வாடகையில் ஒரு சிறு சதவீதம். சிறு தொகைதான், ஆனால் தவறாமல் வரும். சின்ன நிறுவனங்கள் வறண்ட வருடங்களைத் தாண்டுவது இந்தப் பணத்தில்தான். செய்திகளில் ‘இந்த வளாகத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றோம்’ என்ற வகை எத்தனை என்று எண்ணுங்கள். அழகில்லாத செய்தி, படமும் நன்றாக இருக்காது, ஆனால் எனக்கு அதுதான் முதல் செய்தி.

லீஸ் ஒருங்கிணைப்பாளர் உட்காருவது இந்தப் பக்கத்தில். வேலை என்ன? கேட்டால் தூக்கம் வரும்: லீஸ் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, தேதிகளையும் தொகைகளையும் எடுத்து அட்டவணையில் போடுவது, வாடகை ஏறும் நாளைக் கண்காணிப்பது, வருடக் கடைசியில் லிஃப்ட், ஜெனரேட்டர் போன்ற கட்டடத்தின் பொதுச் செலவை வாடகைதாரர்களுக்குப் பங்கு போடுவது. இந்தக் கடைசி வேலையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து காட்டுகிறேன், ஏனென்றால் கணக்குத் தெரிந்தவருக்கு இதில்தான் ருசி.

அதே கட்டடம், 40,000 சதுர அடி. வருடப் பொதுச் செலவு 50 லட்சம். காப்பீட்டு நிறுவனம் 12,000 எடுத்திருக்கிறது, பங்கு 30 சதவீதம், 15 லட்சம். சரிதானே? இப்போது 8,000 சதுர அடி காலி என்று வையுங்கள். ஒப்பந்தத்தில் ‘கட்டடத்தின் மொத்தப் பரப்பில்’ என்று எழுதியிருந்தால் 30 சதவீதம்தான், காலியிடத்தின் பங்கு உரிமையாளர் தலையில். ‘வாடகைக்கு விடப்பட்ட பரப்பில்’ என்று எழுதியிருந்தால் 32,000-இல் 12,000, அதாவது 37.5 சதவீதம், 18 லட்சத்து 75 ஆயிரம். ஒரு சொல் மாறியதில் 3 லட்சத்து 75 ஆயிரம். அந்தச் சொல் எண்பது பக்க ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு இணைப்பில், மூன்றாவது திருத்தக் கடிதத்தில் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்கிற ஆளை எந்தத் தரப்பும் விடாது.

தேதி விஷயத்தில் நான் பட்டதையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். பல கிளைகள் வைத்திருந்த ஒரு வாடகைதாரருக்கு லீஸ் தேதிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு கிளையின் லீஸ் டிசம்பர் 31-இல் முடிகிறது. பழைய வாடகைக் கணக்கிலேயே இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்க வாடகைதாரருக்கு உரிமை உண்டு, ஆனால் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். நான் எக்செலில் முடியும் தேதியிலிருந்து 180-ஐக் கழித்து வைத்திருந்தேன். அது ஜூலை 4 என்று காட்டியது. ஜூலை 2-ஆம் தேதி கடிதம் அனுப்பிவிட்டு, இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். உரிமையாளரின் வக்கீலிடமிருந்து ஒரு பத்தி பதில் வந்தது: ஆறு மாதம் என்றால் ஜூன் 30, காலம் கடந்துவிட்டது. வாடகை புதிய விலைக்கு ஏறியது, வாடகைதாரர் அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் ஒவ்வொரு தேதி நிரலுக்கும் பக்கத்தில் இன்னொரு நிரல் உண்டு. ஒப்பந்தத்தின் வாசகம் அதில் அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் இருக்கும். நீங்களும் முதல் நாளிலிருந்தே அதைச் செய்யுங்கள்.

உங்கள் கணக்கு அனுபவத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கு விதி 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் அலுவலக வாடகை என்பது பெரும்பாலும் செலவுக் கணக்கில் ஒரு வரி. அதன்பின், பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட லீஸ் ஏறக்குறைய எல்லாமே இடம் எடுத்தவரின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவும் கடனாகவும் ஏற வேண்டும். அதனால் லீஸ் விவரங்களைச் சுத்தமாக வைத்திருக்கிற ஆளைக் கட்டடக்காரர்கள் மட்டுமில்லாமல், இடம் எடுக்கிற பெரிய கம்பெனிகளும் தேடுகின்றன. லீஸ் மொழியும் கணக்கு மொழியும் இரண்டும் தெரிந்தவர் குறைவு.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதிப்பீட்டாளர் வேலை நிதானமானவர்களுக்கு. தகுதிச் சான்று பெற வருடங்கள் ஆகும், பெற்றபின் மரியாதையான தொழில். ஆய்வாளர் வேலை சின்ன நிறுவனத்தில் தனியாக இருக்காது, யாரோ ஒருவர் கூடுதலாகச் செய்வார். கட்டடப் பொறியாளர், மின்பணியாளர் எப்போதும் தேவை, எப்போதும் கிடைப்பதில்லை. ரிக்ஸ் (பிரிட்டனின் நில, கட்டடத் தொழில் வல்லுநர் சங்கம்), சிசிஐஎம் (அமெரிக்கக் கமர்ஷியல் ரியல் எஸ்டேட் முதலீட்டுத் தகுதி) போன்ற சான்றுகளுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். 1868-இல் லண்டனில் தொடங்கிய ரிக்ஸ் எங்கும் ஓடிப்போய்விடாது. வேலையில் ஒரு வருடம் இருந்து, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்தபின் நிறுவனத்தின் செலவிலேயே படிக்க முடியுமா என்று கேளுங்கள். தரகு செய்வதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். சம்பள வேலைக்குப் பெரும்பாலும் வேண்டாம். உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் நிறுவனமா, உலகப் பெயர் உள்ள நிறுவனமா என்ற சந்தேகமும் உங்கள் கேள்வியில் ஓரமாக இருந்தது. இன்று உலகம் முழுவதும் அலுவலகம் வைத்திருக்கிற சிபிஆர்இ, 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த ஒரே ஊரில் தொடங்கிய கடை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோல்பர்ட் கோல்டுவெல்லைப் பற்றிச் சொல்வார்கள்: இடிந்த ஊரில் தரகர்களே நொந்துபோன உரிமையாளர்களிடம் குறைந்த விலைக்கு வாங்கி, அதிக லாபத்துக்குக் கைமாற்றியதைப் பார்த்துவிட்டு, அப்படிச் செய்யாத ஒரு நிறுவனம் வேண்டும் என்று இறங்கினாராம்.

அந்தப் பழைய நோய் சின்ன ஊர்களில் இன்றும் உண்டு. பங்குதாரர்களுக்கே சொந்தமாகக் கட்டடங்கள் இருக்கும். வாடகைக்கு இடம் கேட்டு வருகிறவரை முதலில் எந்தக் கட்டடத்துக்கு அழைத்துப் போவார்கள்? சொந்தக் கட்டடம் வைத்திருப்பது தப்பில்லை. சில நிறுவனங்களில் மூத்த ஊழியர்களையும் சிறு பங்கு போடவிடுவார்கள், நல்ல வாய்ப்பு அது. வாடிக்கையாளரிடம் அதை எழுத்தில் சொல்கிறார்களா என்பதுதான் நான் பார்ப்பது. சொல்லாத இடத்தில் நான் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே ஆள் பேசி, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கி, கடைசியில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினோம்.

பெரிய நிறுவனத்தில் பயிற்சி நன்றாக இருக்கும், மென்பொருள் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு ஓரத்து வேலையை மட்டும் நான்கு வருடம் செய்வீர்கள். நாற்பது பேர் உள்ள இடத்தில் ஒரே மாதத்தில் லீஸ் படிப்பீர்கள், வாடகைப் பாக்கிக்குப் போன் பண்ணுவீர்கள், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று ஓடுவீர்கள். பெரிய தரவுத்தளங்கள் பெரிய நகரங்களைத்தான் ஆழமாகப் பார்க்கும். சின்ன ஊரில் எந்த மாடி எப்போது காலியாகும் என்பது யாராவது ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும்.

நேர்காணலுக்குப் போகும்போது அப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். கட்டடங்கள் நெருக்கமாக உள்ள ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமும் நடந்து, முப்பது கட்டடம் எழுதுங்கள். எத்தனை மாடி, வாசல் பலகையில் யார் யார் பெயர், எந்தப் பெயரைப் பெயர்த்து எடுத்த தழும்பு தெரிகிறது, ‘வாடகைக்கு’ போர்டு இருந்தால் யாருடைய போர்டு, வெயிலில் வெளுத்திருக்கிறதா புதிதா. இருட்டியபின் இன்னொரு தடவை போய் எந்த மாடியில் விளக்கே எரியவில்லை என்று பாருங்கள். வெளுத்த போர்டு என்றால் அந்த இடம் நெடுநாளாகக் காலி. அந்தத் தெருவில் இந்த நிறுவனத்தின் போர்டு எத்தனை, அதில் வெளுத்தது எத்தனை என்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும். நான் பல பேரை நேர்காணல் செய்திருக்கிறேன். இப்படி ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தவர்கள் இரண்டே பேர். இருவரையும் எடுத்தேன்.

நீங்கள் கேட்க வேண்டியவை: வருமானத்தில் எத்தனை பங்கு நிர்வாகக் கட்டணத்திலிருந்து வருகிறது, கடந்த மூன்று வருடத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், எத்தனை லீசை ஒரு ஆள் பார்த்துக்கொள்கிறார், இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போனார். கடைசிக் கேள்விக்கு ‘அவர் இப்போது தரகுப் பக்கம் போய்விட்டார்’ என்று பதில் வந்தால் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கும் அந்தக் கதவு திறக்கும். அதற்குள் இரண்டு மூன்று வருடச் சம்பளம் கையில் சேர்ந்திருக்கும், எந்த லீஸ் எப்போது முடிகிறது என்ற அட்டவணையும் உங்கள் மேசையில் இருக்கும். தரகர்கள் காலையில் வந்ததும் நிற்கிற மேசை அது.

அந்த அட்டவணை நிறுவனத்தின் சொத்து. எப்போதாவது விலகினால் அதன் பிரதியைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். அப்படிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். வழக்கு வருகிறதோ இல்லையோ, இந்த அளவு ஊரில் அடுத்த நிறுவனத்துக்கு அந்தச் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.